"நிகோடின் இல்லை" என்ற பெட்டிக்குள் நிகோடின்!

பெட்டியின் மேல் "நிகோடின் இல்லை" என்று அச்சிட்டு இருந்தது. காசு கொடுத்து வாங்கியவர் அதை நம்பினார். உள்ளே நிகோடின் இருந்தது!

இது ஏதோ சந்துக் கடையில் நடந்த மோசடி அல்ல. அமெரிக்காவில் பெயர் பெற்ற இரண்டு கம்பெனிகளின் சரக்கு. கண்டுபிடித்தது அமெரிக்க அரசாங்கத்தின் சோதனைச் சாலை. நடந்தது 2009-ம் ஆண்டில்.

சரக்கு என்ன? மின்சார சிகரெட். "இ-சிகரெட்" என்றும் சொல்கிறார்கள்.

இதில் புகையிலைத் தூள் கிடையாது. நெருப்பும் கிடையாது. பேனா போன்ற ஒரு குழாய். அதற்குள் ஒரு சிறு பாட்டரி, ஒரு கம்பிச் சுருள், ஒரு சின்னக் குப்பி. குப்பியில் ஒரு திரவம். வாயில் வைத்து இழுத்தால் கம்பி சூடாகிறது. திரவம் ஆவியாகிறது. அந்த ஆவிதான் நெஞ்சுக்குள் போகிறது.

ஹான் லிக் என்ற சீன மருந்து நிபுணர் 2003-ல் இதை உருவாக்கினார். அவரே ஓயாமல் சிகரெட் பிடித்தவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்று நோயால் மாண்டார். சிகரெட்டை விடுவதற்கு ஒரு வழி வேண்டும் என்று அவர் எண்ணினார். எண்ணம் நல்லதுதான். ஆனால் சரக்கு கடைக்கு வந்த பிறகு கண்டுபிடித்தவரின் எண்ணத்தை யார் கேட்கிறார்கள்?

2007 வாக்கில் இது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. குப்பிகளில் "அதிகம்", "நடுத்தரம்", "குறைவு", "இல்லை" என்று நிகோடினின் அளவைக் குறித்து விற்றார்கள். சாக்லேட் வாசனை, பழ வாசனை எல்லாம் உண்டு.

நிகோடின் என்றால் என்ன? புகையிலையில் உள்ள விஷப் பொருள். 1828-ல் ஜெர்மனியில் இரண்டு விஞ்ஞானிகள் அதைத் தனியே பிரித்து எடுத்தார்கள். சிகரெட் பிடிப்பவர் மறுபடியும் மறுபடியும் பெட்டிக் கடைக்கு ஓடுகிறாரே, அவரை ஓட வைப்பது இந்த நிகோடின்தான்.

குப்பியைத் திறந்தார்கள்

அமெரிக்காவில் உணவு, மருந்து நிர்வாகத் துறை என்று ஒன்று இருக்கிறது. அதற்குச் செயிண்ட் லூயி நகரில் ஒரு சோதனைச் சாலை உண்டு. அங்கே 18 குப்பிகளைச் சோதித்தார்கள். 2009 ஜூலையில் முடிவு வெளியாயிற்று.

"நிகோடின் இல்லை" என்று எழுதிய குப்பிகளில் ஒன்றே ஒன்று தவிர, மற்ற எல்லாவற்றிலும் சிறிதளவு நிகோடின் இருந்தது.

அது மட்டுமா? ஒரே லேபிள் ஒட்டிய மூன்று குப்பிகளைச் சோதித்தார்கள். மூன்றும் மூன்று விதம். ஓர் இழுப்புக்கு 26.8 மைக்ரோ கிராம் முதல் 43.2 மைக்ரோ கிராம் வரை நிகோடின் வந்தது. (ஒரு மைக்ரோ கிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) ஒரே விலை, ஒரே பெயர், ஒரே லேபிள். ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று ஒன்றரை மடங்கு!

சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்குகிறவர் இதை ஒப்புக் கொள்வாரா? இன்றைய மாத்திரையில் ஒரு அளவு, நாளைய மாத்திரையில் ஒன்றரை மடங்கு என்றால் கடைக்காரரைச் சும்மா விடுவாரா?

எப்படி அளக்கிறார்கள்?

நிகோடினை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. வாசனைப் பொருள் அதை மறைத்து விடும். கண்ணால் பார்த்தும் பயன் இல்லை. அளப்பதற்குக் கருவி வேண்டும்.

குப்பியில் உள்ள திரவத்தில் ஒரு துளி எடுக்கிறார்கள். வேறொரு திரவத்தில் அதைக் கரைக்கிறார்கள். பிறகு தலைமயிர் போன்ற மெல்லிய, மிக நீண்ட குழாய்க்குள் செலுத்திச் சூடாக்குகிறார்கள். துளியில் பல பொருள்கள் கலந்து இருக்கின்றன அல்லவா? அவை எல்லாம் ஒன்றாக ஓட மாட்டா. ஓட்டப் பந்தயம் போல ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஒவ்வொன்றும் மறுமுனைக்கு வந்து சேரும் நேரம் வேறு. நிகோடின் வரும் நேரம் எது என்பதைச் சுத்தமான நிகோடினை ஓட விட்டு முன்பே குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் எவ்வளவு வருகிறது என்று கருவி கோடு போட்டுக் காட்டி விடும். அதனிடம் பொய் சொல்ல முடியாது.

இன்னொரு சோதனையும் உண்டு. குப்பியில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு. நெஞ்சுக்குள் எவ்வளவு போகிறது என்பது வேறு. இதற்காக, மனிதனைப் போலவே இழுக்கும் ஓர் இயந்திரம் செய்திருக்கிறார்கள். 3 விநாடி இழுக்கும். அரை நிமிஷத்துக்கு ஒரு முறை இழுக்கும். வருகிற ஆவியை ஒரு வடிகட்டியில் பிடித்து அளப்பார்கள்.

இப்படி இயந்திரத்தை இழுக்க வைத்து 16 வகை மின்சார சிகரெட்டுகளைச் சோதித்த முடிவு ஒன்று 2013-ல் வெளிவந்தது. போலந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் அதிகம் விற்றவை அவை. 300 இழுப்புக்கு ஒன்றில் வந்த நிகோடின் அரை மில்லி கிராம். இன்னொன்றில் வந்தது 15.4 மில்லி கிராம். முப்பது மடங்கு வித்தியாசம்! சாதாரண சிகரெட் ஒன்றைப் பிடித்தால் உடம்பில் சேருவது சுமார் 1 மில்லி கிராம். ஆக, ஒருவருக்குக் கிடைத்தது அரை சிகரெட். மற்றவருக்குக் கிடைத்தது பதினைந்து சிகரெட்.

கம்பெனிகளின் பதில்

"இருந்தது மிகக் கொஞ்சம். சாதாரண சிகரெட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை" என்பது இந்த வியாபாரத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம்.

அதில் பாதி உண்மை உண்டு. சாதாரண சிகரெட்டின் புகையில் ஆயிரக் கணக்கான ரசாயனப் பொருள்கள் இருக்கின்றன. அதைப் போன்ற கொலைகாரச் சரக்கு கடைகளில் வேறு இல்லை. பல வருஷம் சிகரெட் பிடித்தவர் அதை விட்டு இதற்கு மாறினால் அவருக்குத் தீமை குறையும் என்று சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

ஆனால், "நிகோடின் இல்லை" என்ற குப்பியை வாங்குகிறவர் யார்? ஒருவர் அந்தப் பழக்கத்தை அடியோடு விட நினைப்பவர். மற்றவர் அந்தப் பழக்கமே இல்லாத வாலிபர், விளையாட்டாக இழுத்துப் பார்ப்பவர். நிகோடின் சிறிதும் சேரக் கூடாதவர்கள் இந்த இரண்டு பேரும்தான். அவர்களுக்கு விற்ற குப்பியிலா இந்தப் புரட்டு? "கொஞ்சம்தானே" என்று சொல்லும் உரிமை விற்றவருக்குக் கிடையாது. கொஞ்சம் இருந்தால் கொஞ்சம் இருக்கிறது என்று அச்சிட வேண்டும்.

வீட்டில் குழந்தை இருந்தால் விஷயம் இன்னும் விபரீதம். அமெரிக்காவில் விஷ முறிவு ஆலோசனை நிலையங்கள் உண்டு. 2010 செப்டம்பரில் இந்தத் திரவம் சம்பந்தமாக அவற்றுக்கு மாதத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. 2014 பிப்ரவரியில் ஒரே மாதத்தில் 215 அழைப்புகள்! பாதிக்கு மேல் 5 வயது நிரம்பாத குழந்தைகள் சம்பந்தப்பட்டவை. பழ வாசனை வீசும் புட்டியைக் குழந்தை எடுத்துக் குடித்து விடுகிறது. எவ்வளவு நிகோடின் உள்ளே போயிற்று? அந்த நேரத்தில் தாயின் கையில் இருப்பது லேபிள் மட்டும்தான். லேபிள் தவறாக இருந்தால் அவள் டாக்டரிடம் என்ன சொல்வாள்?

குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத மூடி போட வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 2016-ல்தான்.

முன்பே பட்ட அடி

2009 சோதனையில் இன்னொன்றும் அகப்பட்டது. ஒரு குப்பியில் டை எதிலீன் கிளைகால் என்ற விஷம் சுமார் 1 சதவீதம் இருந்தது.

அமெரிக்காவுக்கு இது பழைய எதிரி. 1937-ல் அங்கே ஒரு திரவ மருந்தில் இதைக் கலந்து விற்றார்கள். 100 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் குழந்தைகள். யாரும் முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கவில்லை! (2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் மருந்தில் இருந்ததும் இதே விஷம். அந்த மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில்.)

அந்தச் சாவுகளுக்குப் பிறகு 1938-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்தார்கள். புது மருந்து என்றால் முதலில் சோதனை, பிறகுதான் விற்பனை. அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் மின்சார சிகரெட்டுகளையும் துறைமுகத்தில் தடுத்தார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. "இது மருந்து அல்ல, புகையிலைச் சரக்கு" என்று வாதாடின. 2010-ல் கம்பெனிகளுக்கே வெற்றி.

விளைவு என்ன? புகையிலைச் சட்டத்தின் கீழ் இவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அந்தத் துறையின் கைக்கு வந்தது 2016 ஆகஸ்டில். ஆராய்ந்து பார்த்து முதல் மின்சார சிகரெட்டுக்கு அனுமதி கொடுத்தது 2021 அக்டோபரில். குப்பியில் பொய் இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு 12 வருஷம்! இதற்கிடையில், 2018-ல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் இதை இழுத்துக் கொண்டிருந்தார்.

ஐரோப்பிய நாடுகள் கொஞ்சம் விழித்துக் கொண்டன. 2014-ல் செய்த சட்டப்படி அங்கே ஒரு மில்லி லிட்டருக்கு 20 மில்லி கிராமுக்கு மேல் நிகோடின் கூடாது. ஒவ்வொரு இழுப்பிலும் அளவு சீராக வர வேண்டும். விற்பதற்கு 6 மாதம் முன்பே விவரங்களை அரசாங்கத்திடம் கொடுத்து விட வேண்டும். இந்த வரிசைதான் சரியான வரிசை. வியாபாரிக்கு 6 மாதம் தாமதம் ஆகிறது என்றால் ஆகட்டுமே!

தமிழ்நாட்டில் 2018-லேயே மின்சார சிகரெட்டுக்குத் தடை போட்டார்கள். 2019-ல் இந்தியா முழுவதும் தடை வந்தது. தயாரித்தாலும் விற்றாலும், முதல் தடவை ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம்.

ஆனாலும் வெளிநாட்டுச் சரக்கு கள்ளத்தனமாக வருகிறது. விமான நிலையங்களில் பெட்டி பெட்டியாகப் பிடிபடுகிறது. பிடிபடாமல் தப்பி வரும் குப்பியை விற்குமுன் சோதிப்பவர் யாரும் இல்லை. அதை வாங்குகிற கல்லூரிப் பையனுக்குத் தெரிவது, பெட்டியின் மேல் என்ன அச்சிட்டு இருக்கிறது என்பது மட்டும்.