விடும் கலை

விளையாட்டிற்கும் ஓர் அறம் உண்டு, நண்பர்களே! அமெரிக்காவின் கேப் காட் கடற்கரையில் விடுமுறையைக் கழிக்கும் குடும்பத்தினர், இறகும் மயிரும் கொண்டு கட்டிய போலி இரையை அலைமீது வீசி ‘ஸ்டிரைப்டு பாஸ்’ என்னும் மீனைப் பிடிக்கின்றனர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மீன்தான் கொள்ளலாம். அதுவும் 28 அங்குலத்திற்குக் குறையாமலும் 31 அங்குலத்தை எட்டாமலும் இருக்கவேண்டும் என்பது 2023 முதல் சட்டம். மற்றவற்றை விட்டுவிட வேண்டும். பெரிய பெண்மீனே மிகுதியாக முட்டையிடும். ஆகவே சட்டம் நன்றே.

ஆயினும், விடப்படும் மீன்களில் நூற்றுக்கு 9 பின்னர் மடிவதாக மீன்வளத் துறையினர் கணக்கிடுகின்றனர். புகைப்படத்திற்காக மீனைச் சுடுமணலில் கிடத்திவிட்டுப் பிறகு கடலில் எறிவது கருணையாகுமா என்று கேட்கிறேன். எதிர்முள் இல்லாத தூண்டில், நனைந்த கை, நீரிலேயே வைத்து விடுவிக்கும் பொறுமை, இவையன்றோ கருணை! பிள்ளைகளுக்கு வீசும் கலைக்கு முன் விடும் கலையைக் கற்பியுங்கள் என்பேன்.