மேட்டு மனையின் மழைநீர் யார் தலையில் விழுகிறது?

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் மழை வலுக்கும்போதெல்லாம் ஒரே கோரிக்கை எழுகிறது: தோட்டை அகலப்படுத்து, இருபுறமும் கான்கிரீட் சுவர் கட்டு. பாதிக்கப்பட்டவர்கள் அப்படிக் கேட்பதில் தவறில்லை. முழங்கால் நீரில் நிற்பவரிடம் நீரியல் பேச முடியாது. ஆனால் தோழர்களில் ஒரு பகுதியினரும் அக்கோரிக்கையோடு நின்றுவிடுவதை ஏற்பதற்கில்லை. அந்த நீர் யாருடைய நிலத்திலிருந்து இறங்கி வந்தது என்று கேட்காத வரை, தோட்டின் அகலத்தைப் பற்றிய பேச்சு மனை வணிகருக்குப் பொதுப்பணத்தில் வழங்கப்படும் மானியமாகவே முடியும்.

இப்பகுதியின் நில அமைப்பு தெளிவானது. மேட்டில் விளை, பள்ளத்தில் ஏலா, ஏலாவின் ஓரமாகத் தோடு. விளையில் கையாலை போட்டு, தென்னைக்குத் தடமெடுத்து, மரச்சீனிக்கு மண்கூட்டி, மழையை நிலத்துக்குள் இறக்கியது விவசாயத் தொழிலாளியின் மண்வெட்டி. மிஞ்சிய நீரை ஏலா தாங்கியது. இன்று ஜேசிபி விளையைச் சமன் செய்கிறது. வெட்டியெடுத்த மண் ஏலாவை நிரப்புகிறது. நீரை உறிஞ்சும் இடமும் நீர் தேங்கும் இடமும் ஒரே வியாபாரத்தில் அழிகின்றன. பத்து சென்ட் மனை என்பது சுமார் 405 சதுர மீட்டர். அதில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டருக்கு மேல் நீர் விழுகிறது. கூரையும் இன்டர்லாக் கல்லும் மனையை மூடிவிட்டால், அதில் பெரும்பகுதி சில நிமிடங்களில் கீழ்மனைக்குப் போய்ச் சேரும். கீழே இருப்பவர் பெரும்பாலும் மூன்று சென்ட் குடியிருப்புக்காரர். 2021 நவம்பர் நடுவில் பெய்த கனமழையில் பாறசாலைக்கும் இரணியலுக்கும் இடையே தண்டவாளத்தில் மண் சரிந்ததும், நெய்யாற்றின்கரை அருகே நெடுஞ்சாலைப் பாலமொன்றின் ஒரு பகுதி இடிந்ததும் நினைவிருக்கும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இலும் கேரளம் 2004இலும் கட்டாயமாக்கின. ஆனால் அனுமதிக் கோப்பு ஒரு குழாயையும் ஒரு தொட்டியையும் தேடுகிறதே தவிர, மனை கட்டப்படுவதற்கு முன்பு எவ்வளவு நீரை வெளியே விட்டது, கட்டிய பின் எவ்வளவு விடுகிறது என்று கேட்பதில்லை. நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புக்காக 2008இல் சட்டம் இயற்றியது இடதுசாரி அரசு. அதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். அதே சட்டத்தில் 2018இல் திருத்தம் கொண்டுவந்ததும் இடதுசாரி அரசே. தரவுப்பட்டியலில் அறிவிக்கப்படாத நிலத்தின் தன்மையை மாற்றும்போது, அது 20.2 ஆருக்கு, அதாவது 50 சென்டுக்கு மேல் இருந்தால் பத்தில் ஒரு பங்கை நீர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது அத்திருத்தம். நல்ல விதிதான். எனினும் 49 சென்டுக்கு அந்தக் கடமை கிடையாது. நிலத்தைத் துண்டு துண்டாக விற்பவருக்கு இதற்கு மேல் என்ன வழி காட்ட வேண்டும்?

குறைந்த பாதிப்பு மனை வடிவமைப்பு என்று பொறியாளர்கள் கூறுவது இக்கணக்கைத் திருப்பிப் போடும் முயற்சியே. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜார்ஜஸ் வட்டாரத்தில் 1990களில் இப்பெயரில் அது வளர்ந்தது. நிலத்தின் இயல்பான சரிவைக் குலைக்காதே. மரத்தையும் மேல்மண்ணையும் விட்டுவை. கூரை நீரைக் கிணற்றுக்கோ குழிக்கோ திருப்பு. நடைபாதையில் நீர் இறங்கும் கல்லைப் பதி. எஞ்சியதைப் புல் வளர்ந்த ஆழமற்ற வாய்க்காலில் மெல்ல விடு. இதை அந்நிய மோகம் என்று ஒதுக்குவோர் தம் பாட்டன் போட்ட கையாலையை மறந்தவர்கள். திருச்சூர் மாவட்டத்தில் 2008 முதல் ‘மழைப்பொலிமை’ திட்டத்தில் கூரை நீரைக் கிணறுகளுக்குத் திருப்பியதும் கேரள அனுபவமே.

இது சர்வரோக நிவாரணி அன்று. ‘பஞ்சு நகர’த் திட்டத்தில் முதலீடு செய்திருந்த சீனத்தின் செங்சோ நகரில், 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது எந்தக் குழியும் போதவில்லை. செங்குத்தான சரிவில் கண்டபடி குழி தோண்டினால் மண்சரிவை நாமே அழைத்தவர்களாவோம். ஆண்டுதோறும் பெய்யும் சாதாரணப் பெருமழையை மனைக்குள் நிறுத்துவதற்கே இம்முறை. மேற்பட்டதற்குத் தோடும் வேண்டும், ஏலாவும் வேண்டும்.

முதலாளித்துவம் குடியிருப்புச் சீர்கேட்டைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது என்று ஏங்கெல்ஸ் 1872இல் எழுதினார். மழைநீருக்கும் அது பொருந்தும். எனவே கோரிக்கையின் முகவரி மாற வேண்டும். கட்டுமானத்துக்கு முன்பு மனை வெளியிட்ட அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வெளியே போகலாகாது என்பதை அனுமதியின் நிபந்தனையாக்கக் கோர வேண்டும். ஐந்து சென்டில் வீடு கட்டும் தொழிலாளிக்கு அரசு செலவில் கிணற்றுச் செறிவூட்டல். துண்டு போட்டு விற்பவருக்கோ, மொத்த நிலத்தையும் ஒன்றாகக் கணக்கிட்டுப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கீடு. நம் தோழர்கள் பொறுப்பிலுள்ள ஊராட்சிகளில் இக்கேள்வியை எழுப்பத் தயங்குவோமானால், எதிர்க்கட்சி ஊராட்சிகளில் எழுப்பும் தகுதி நமக்கு இராது.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இஞ்சிவிளையில் ஒரு விதிப்புத்தகம், சிறிது தூரத்தில் களியக்காவிளையில் வேறொன்று. இருபுறத்துக் கிளைகளும் ஒன்றாகக் கூடி, எல்லையோரத் தோடுகளை நடந்து பார்த்து, எந்த மேட்டு மனையின் நீர் எந்த வீட்டுக்குள் நுழைகிறது என்று குறிக்கும் வேலையை அடுத்த மழைக்கு முன்பே முடிக்கலாம். அந்தக் குறிப்பு கையில் இருந்தால், இரு ஊராட்சி அலுவலகங்களிலும் தோட்டின் அகலத்துக்கு முன்னால் பேச வேறு விஷயம் இருக்கும்.