‘சூப்பர்’ என்றால் போதுமா? முதல் வெப்சைட்டுக்குக் கருத்து கேட்கும் வழி!

யூடியூப் பார்த்தே ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கற்றுக்கொண்டு, சொந்தமாக ஒரு கோல வெப்சைட்டும் செய்தாயிற்று. லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் கட்டைவிரல்களும் பூங்கொத்துகளும் வந்து குவிகின்றன. ‘சூப்பர் அக்கா’, ‘கலக்கிட்டீங்க சித்தி’. இரண்டு நாள் கழித்து, “எந்தக் கோலம் பிடிச்சிருந்தது?” என்று கேட்டால்தான் தெரியும், பாதிப் பேர் லிங்க்கைத் தொடவே இல்லை என்பது.

பொழுதுபோக்காக வெப்சைட் செய்கிறவர்களுக்கு இன்று பணம் பெரிய தடை இல்லை. கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டீஸ் போன்றவை இலவசமாகவே இடம் தருகின்றன. பாடங்களும் இலவசம். கிடைக்காத பொருள் ஒன்றுதான்: நேர்மையான கருத்து. வீட்டில் இருப்பவர்கள் மனம் நோகக்கூடாது என்று பாராட்டுகிறார்கள். ஐ.டி-யில் இருக்கும் உறவுக்காரர், “இதெல்லாம் பழைய முறை, வேர்ட்பிரஸ்ல பண்ணியிருக்கலாமே” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வரி கோடுகூடத் திருத்த முடியாது.

கேள்வியை மாற்றினால் பதிலும் மாறும். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்பதைத் தவிர வேறு என்ன சொல்வார்கள்? அதற்குப் பதில், ஒரு வேலை கொடுக்க வேண்டும். “அத்தை, இதுல 15 புள்ளி, இடுக்குப் புள்ளிக் கோலம் ஒண்ணு இருக்கு. கண்டுபிடிச்சுக் குடுங்க” என்று சொல்லி, அவர் கையில் அவருடைய போனையே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை, வாயைத் திறக்கக்கூடாது.

இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கஷ்டம். அத்தை முதலில் படத்தைத் தொடுவார், ஒன்றும் நடக்காது. மேலே கீழே தள்ளிப் பார்ப்பார். மூலையில் இருக்கும் மூன்று கோடுகள்தான் மெனு என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது. “அந்த மூணு கோட்டை அமுக்குங்க அத்தை” என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை அங்கேயே முடிந்தது. நாளை வேறு ஊரில் இருந்து பார்க்கப்போகிறவர் பக்கத்தில் வெப்சைட் செய்தவர் உட்கார்ந்திருக்கப்போவதில்லையே! அத்தை எங்கே தயங்கினார், எதை இரண்டு முறை தொட்டார், எங்கே “எனக்கு இதெல்லாம் வராதும்மா” என்றார்... இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும். அந்தக் கடைசி வாக்கியம் வரும்போது தவறு அத்தையுடையது இல்லை. சோதிப்பது வெப்சைட்டைத்தான், அவரை இல்லை என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

எத்தனை பேரிடம் இப்படிக் காட்டுவது? வெப்சைட் பயன்பாட்டு ஆய்வில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன், 2000-ல் எழுதிய கட்டுரையில், ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே சுமார் 85 சதவிகிதக் கோளாறுகள் வெளியே வந்துவிடும் என்று கணக்குச் சொன்னார். இந்தக் கணக்கோடு முரண்படும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால், கோலம், சமையல், ஊர் வரலாறு என்று ஆசைக்குச் செய்யும் தளத்துக்கு ஐந்து பேரே தாராளம். அதே 2000-ல் ‘டோன்ட் மேக் மீ திங்க்’ புத்தகத்தை எழுதிய ஸ்டீவ் க்ரூக், யாரிடமும் காட்டாமல் இருப்பதைவிட ஒருவரிடம் காட்டுவதே மிகப்பெரிய முன்னேற்றம் என்ற கட்சி.

தமிழில் தளம் செய்கிறவர்கள் தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. ஆங்கில எழுத்துக்குப் பொருந்தும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல் வரியில் ‘கூ’வின் வாலும் கீழ் வரியில் ‘கீ’யின் கொக்கியும் முட்டிக்கொண்டு நிற்கும். சிஎஸ்எஸ்-ஸில் லைன்-ஹைட் 1.6 அளவுக்கு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அழகான ஃபான்ட் வேண்டும் என்பதற்காகத் தமிழ் வரிகளைப் படமாகவே போட்டுவிடுகிறார்கள் சிலர். அதைத் தேடவும் முடியாது. பார்வை இல்லாதவர்கள் பயன்படுத்தும் ஸ்க்ரீன் ரீடரும் வாசிக்காது.

நிறம் அடுத்த சிக்கல். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, செய்தவர் கண்ணுக்கு மங்களகரமாகத் தெரியலாம். இணைய அணுகல் விதிமுறைகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5 : 1 வெளிச்ச வேறுபாடு கேட்கின்றன. பளிச் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் இருப்பது சுமார் 1.07 : 1 மட்டுமே! இதைக் கண்டுபிடிக்க யாரையும் தொந்தரவு செய்யத் தேவையில்லை. குரோம் பிரவுசரில் இருக்கும் லைட்ஹவுஸ் இதையும், படங்களின் எடை தாங்காமல் பக்கம் மெதுவாகத் திறப்பதையும் சொல்லிவிடும். போனில் எடுத்த கோலப் படம் ஒவ்வொன்றும் 3, 4 எம்பி இருக்கும். ஸ்கூஷ் போன்ற இலவசக் கருவியில் போட்டு 200 கேபி-க்குள் சுருக்கலாம். மெஷின் சொல்லக்கூடியதை முதலில் சரிசெய்துவிட்டு, மனிதர்களிடம் மனிதர்கள் மட்டுமே சொல்லக்கூடியதைக் கேட்பது இருவருக்கும் மரியாதை.

விஷயம் தெரிந்தவர்களிடம் காட்டும்போது இரண்டு வரி முன்னுரை அவசியம். ‘மூன்று மாதமாகத்தான் கற்றுக்கொள்கிறேன், கோலம் போடுகிறவர்களுக்கான தளம், மெனு புரிகிறதா என்று மட்டும் பாருங்கள்’ என்று எழுதினால் பதில் அந்த எல்லைக்குள் வரும். இல்லையென்றால் புது மொழி, புது மென்பொருள் என்று ஒரு பட்டியல் வந்து சேரும். ஆர்வம் அன்றோடு சரி. கடுமையான பதில் வந்தால் உடனே விளக்கம் எழுதாமல் ஒருநாள் தள்ளிப்போடலாம். மறுநாள் படிக்கும்போது அதே வரியில் உபயோகமான ஒரு குறிப்பு கண்ணில் படுவது உண்டு.

வந்த கருத்து எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்றும் இல்லை. இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் அது திருத்த வேண்டிய இடம். “ரோஸ் கலர் எனக்குப் பிடிக்கலை” என்பது ஒருவருடைய ரசனை. தளம் ஆபீஸுக்கானது இல்லை, ஆசைக்கானது. 1990-களின் ஜியோசிட்டீஸ் பக்கங்களில் மின்னும் எழுத்தும் ஆடும் பொம்மையும் நிறைந்திருந்தன. எந்த டிசைனரும் அவற்றுக்கு மார்க் போட்டிருக்க மாட்டார். ஆனால், 2009-ல் யாஹூ அதை மூடியபோது, அழிவதற்குள் நகலெடுத்துக் காப்பாற்ற ஒரு கூட்டமே ஓடியது.

இன்னொன்று. லிங்க்கை வெளியாட்களுக்கு அனுப்பும் முன், வீட்டு முகவரி, போன் நம்பர், பிள்ளைகள் யூனிஃபார்மில் நிற்கும் போட்டோ எங்காவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கோலத்துக்குப் பின்னால் தெரியும் கதவு எண்கூட முகவரிதான்.

திருத்துவதற்கு முன் பழைய ஃபைல்களைத் தேதி போட்ட ஃபோல்டரில் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். மெனுவை மாற்றியபிறகு மறுபடியும் அத்தையிடமே காட்டிப் பயனில்லை. அவருக்குத்தான் இப்போது வழி தெரிந்துவிட்டதே! அடுத்த முறை போனைக் கொடுக்க வேண்டியது, இதுவரை அந்தத் தளத்தைப் பார்க்காத எதிர்வீட்டு மாமியிடம்.