கருவி தந்தது துரைத்தனம், குருதி சிந்தியது குழந்தை



மழுங்கிய உளியைக் கையிலே கொடுத்துவிட்டு, "ஏனடா மரம் சரியாக இழையவில்லை?" என்று தச்சனை ஏசும் முதலாளியைக் கண்டிருப்பீர்கள். ஒரு துரைத்தனமே அப்படிச் செய்த கதை தெரியுமா? நடந்தது இங்கிலாந்தில், 2001-ல்.

பைத்திய மாட்டு நோய் இறைச்சி வழியே மனிதருக்கும் தொற்றி, மூளையை அரித்துவந்த நேரம் அது. அந்நோயின் நச்சுப் புரதம் தொண்டையிலுள்ள டான்சில் சதையிலும் தங்கும். நீராவியில் அவித்தாலும் முற்றாக அழியாது. எனவே, டான்சில் அறுக்கும் கருவிகளை ஒரே முறை பயன்படுத்தி எறிந்துவிடுக என்று ஜனவரியில் ஆணை பிறந்தது. அஞ்சியதை நான் பழிக்கமாட்டேன். அஞ்ச வேண்டிய நோய்தான். ஆனால் வந்த கருவிகள்? பளபளப்பு இருந்தது, பக்குவம் இல்லை! பழகிய இடுக்கியைப் பறித்துக்கொண்டு பழகாததைத் திணித்தால் கை என்ன செய்யும்? இரத்தப்போக்கு கூடிவிட்டதென மருத்துவர்கள் முறையிட்டனர். வரக்கூடும் என்ற ஆபத்தை விரட்டப்போய், வந்தே விட்டது வேறோர் ஆபத்து! டிசம்பரில் பழைய கருவிகளுக்கே திரும்பினர்.

பிறகு ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: எண்ணிப் பார்த்தார்கள். 2003 ஜூலை முதல் 2004 செப்டம்பர் வரை, இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் டான்சில் அறுத்துக்கொண்ட 33,921 பேரைக் கணக்கெடுத்தார்கள். 3.5 விழுக்காட்டினருக்கு இரத்தப்போக்கு. நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர் மீண்டும் அறுவைக் கூடத்துக்கே தூக்கிச் செல்லப்பட்டார். மின்சூட்டால் கருக்கும் நவீன முறைகளில் ஆபத்து அதிகம். கத்தியால் அறுத்து நூலால் கட்டும் பழைய முறையில் குறைவு. புதியதெல்லாம் பொன்னல்ல என்று புள்ளிவிவரமே பேசிற்று!

இது சீமைக் கதைதானே என்று தாளை மடித்துவிடாதீர்கள். தொண்டைப் புண் எந்த நாட்டிலும் ஒன்றே. அதைத் தைத்து மூடுவதில்லை. வெள்ளைப் பொருக்குப் படர்ந்து ஆறும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பொருக்கு உதிரும்போது மறுபடி இரத்தம் வரலாம். அப்போது பிள்ளை மருத்துவமனையில் இருக்காது, வீட்டில் இருக்கும். தகப்பன் இரவு ஷிப்டில் இருப்பான். உறக்கத்தில் பிள்ளை அடிக்கடி விழுங்கினால், அது எச்சிலாக இல்லாமல் இரத்தமாகவும் இருக்கலாம். விளக்கைப் போட்டு வாயைப் பாருங்கள். துளி சிவப்பானாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அறுவைக்கு நாள் குறிக்கும்போதே கேளுங்கள்: "ஐயா, எம்முறையில் அறுப்பீர்கள்? எட்டாம் நாள் நள்ளிரவில் வந்தால் இங்கே யார் இருப்பார்?"