அவர் தொழிலாளியா? விவசாயியா?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர். மேற்கே மலை. மலை அடிவாரத்தில் தென்னையும் மாவும். ஊரைச் சுற்றி நூல் மில்கள்.

காலை பஸ்ஸில் தூக்குச்சட்டியோடு ஒருவர் நிற்கிறார். "உங்களுக்கு என்ன தொழில்?" என்று அவரைக் கேட்டால், சட்டென்று பதில் வராது.

விடிவதற்கு முன்னால் அவர் மாட்டில் பால் கறப்பவர். பகலில் விசைத்தறியில் நிற்பவர். மழை பெய்தால், குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கரில் பருத்தி போடுபவர்.

அவர் தொழிலாளியா? விவசாயியா?

இரண்டும்தான்! இந்தப் பக்கத்தில் இப்படிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்களுடைய பலமும் அதுதான். கஷ்டமும் அதுதான்.

ஏன் இரண்டு தொழில்?

மலை பக்கத்தில் இருக்கிறது. ஆனால் மழை நிச்சயம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் நெல் உண்டு. பெருகாவிட்டால் பருத்தியையோ சோளத்தையோ போட்டுவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது பழமொழி. அதனால் இன்னொரு தொழிலும் தேவைப்பட்டது.

1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பிறகு மேலும் மில்கள் வந்தன. பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பெருகின. காயத்துக்குக் கட்டும் பாண்டேஜ் துணி அங்கே நெய்யப்படுகிறது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறது.

வயல் கைவிட்டால் தறி சோறு போடும். தறி நின்றால் பசுமாடு காப்பாற்றும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த இனிப்புக்கு மூலதனம், இப்படிப்பட்ட வீடுகளில் கறக்கும் பால்தான்.

ஒரே வீட்டில் இரண்டு ஆசை

2022ல் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு கண்டி பஞ்சின் விலை 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. கண்டி என்றால் 356 கிலோ. அதற்கு முந்தைய ஆண்டு விலை ஏறக்குறைய அதில் பாதிதான்.

பருத்தி விவசாயிக்கு நல்ல காலம் என்று தோன்றும். ஆனால் விலை உச்சிக்குப் போவதற்கு முன்பே பலர் பருத்தியை விற்றுவிட்டார்கள். கடன்காரர் வாசலில் நிற்கும்போது பருத்தியை வீட்டில் அடுக்கி வைக்க முடியுமா?

மறுபக்கம், நூல் விலை ஏறியது. தமிழ்நாட்டில் பல இடங்களில் தறிகள் நின்றன. நெய்த துணிக்குத்தான் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது.

பருத்தி விலை ஏற வேண்டும் என்பது அவருடைய வயலின் ஆசை. இறங்க வேண்டும் என்பது தறியின் ஆசை. அந்த ஆண்டு இரண்டு பக்கமும் அடி விழுந்தது!

உதவி யாருக்கு?

சர்க்கார் உதவி செய்யவில்லையா? செய்கிறது. ஆனால் ஒவ்வொரு உதவிக்கும் ஒரு வாசல் உண்டு.

விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் மத்திய சர்க்கார் திட்டம் 2019ல் வந்தது. நிலம் தன் பெயரில் இருப்பவருக்குத்தான் அந்தப் பணம். குத்தகைக்காரருக்கு இல்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தாலும் சிக்கல்தான்.

தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. வைத்தியம் உண்டு. அதற்குப் பொதுவாக 10 பேர் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். பிராவிடண்ட் பண்டுக்கு 20 பேர். நாலு பேர் நிற்கும் தறிக்கூடத்துக்கு இரண்டும் எட்டாது.

2005ல் வந்த சட்டம் கிராமத்துக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை என்றது. 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக வந்த சட்டம் 125 நாள் என்கிறது. இரண்டும் கிராமத்துக்குத்தான். நகராட்சி எல்லைக்குள் குடியிருப்பவருக்கு அந்த வாசலும் இல்லை.

கணக்கில் ஒரே பெயர்

ஜனத்தொகைக் கணக்கிலும் இதே கதைதான். எந்த வேலைக்கு அதிக நாள் போகிறதோ, அதன் பெயரில்தான் ஒருவரைச் சேர்க்கிறார்கள். ஏழு மாதம் தறி, ஐந்து மாதம் வயல் என்றால் அவர் தறிக்காரர். விவசாயி மறைந்துவிடுகிறார்! களை எடுத்து, மாட்டையும் பார்க்கும் மனைவியோ, "வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்ற பதிலில் மறைந்துவிடுகிறார்.

கடைசிக் கணக்கு 2011ல் எடுக்கப்பட்டது. அடுத்தது 2027க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. கணக்கெடுப்பவர் வாசலுக்கு வரும்போது, வீட்டில் உள்ள எல்லோருடைய வேலையையும் விட்டுவிடாமல் சொல்ல வேண்டும்.

காகிதமும் ஒரு விளைச்சல்

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பல குத்தகைகள் இன்றும் வாய்ப்பேச்சில்தான் நடக்கின்றன. காகிதம் கேட்டால் நிலத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று குத்தகைக்காரருக்குப் பயம். நிலம் போய்விடுமோ என்று சொந்தக்காரருக்குப் பயம். பயிர்க் கடனுக்கும், பயிர் இன்சூரன்சுக்கும் போய் நிற்கும்போதுதான் அந்தக் காகிதத்தின் அருமை தெரிகிறது.

இரண்டு தொழில் செய்பவர் இரண்டு மடங்கு உழைக்கிறார். அவருக்கு இரண்டு மடங்கு உதவி வேண்டாம். இரண்டு வாசலிலும் "நீ இங்கே இல்லை" என்று சொல்லாமல் இருந்தால் போதும்.