அமெரிக்கக் குழந்தைக்கு பி11.3... நம் குழந்தைக்கு 'நார்மல்'!

தாம்பரம் ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே வாருங்கள். 'மெடிக்கல் கோடிங் கற்றுத் தருகிறோம்' என்று ஒரு நோட்டீஸ் எப்படியும் உங்கள் கைக்கு வந்துவிடும். குரோம்பேட்டை, மேடவாக்கம், வேளச்சேரி, ஓ.எம்.ஆர். என்று எந்தப் பக்கம் போனாலும் இந்த வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விலங்கியலோ, நர்சிங்கோ, பிசியோதெரபியோ படித்தவர்கள். அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் அதற்கான எண்ணைப் போடவேண்டும். எண் சரியாக இருந்தால்தான் அங்கே ஆஸ்பத்திரிக்கு இன்ஷூரன்ஸ் பணம் வரும்.

பிறக்கும்போதே அடிபட்ட குழந்தைக்கும் எண் உண்டு. முகத்தில் காயமா, பி15.4. கண்ணில் என்றால் பி15.3. முக நரம்பு அடிபட்டு வாய் கோணிப்போனால் பி11.3. 2015 செப்டம்பர் வரை இதற்கே 767.5 என்று ஒரு பழைய எண் இருந்தது. இதெல்லாம் தாயின் பதிவில் வரக்கூடாது. குழந்தை தனி நோயாளி, அதற்குத் தனி ஏடு.

இப்போது நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன்.

என் உறவுக்காரப் பெண்ணுக்குப் புறநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம். பெயர் வேண்டாம், மற்ற இடங்கள் ரொம்ப உசத்தி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார்கள். இடது கன்னத்தில் விரல் நீளத்துக்குச் சிவந்த தடம். அழுதால் வாய் வலது பக்கம் இழுத்துக்கொள்கிறது. தூங்கும்போது இடது கண் பாதி திறந்தே இருக்கிறது. பதறிப்போய்க் கேட்டால், "அதெல்லாம் தானா சரியாயிடும் சார்" என்றார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்த்தேன். நாலு பக்கம். தாய்க்குக் கொடுத்த ஊசி, மாத்திரை, ரத்த அழுத்தம் எல்லாம் இருக்கிறது. குழந்தைக்கு ஒரே ஒரு வரி. ஆண், 3.1 கிலோ, சுகப் பிரசவம், பிறந்தவுடன் அழுதது, நார்மல். ஆயுதம் என்ற சொல்லே கிடையாது.

எங்கள் மாடி வீட்டில் ஒரு பெண் கோடிங் வேலை பார்க்கிறாள். அவளிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். "அங்கிள், இதுல கோட் பண்ண ஒண்ணுமே இல்லையே! ஆஸ்பத்திரியில பிறந்த ஒத்தைக் குழந்தை, நார்மல் டெலிவரின்னு இசட்38.00 மட்டும்தான் போடலாம்." குழந்தையின் முகத்தைத்தான் நீயே பார்த்தாயே என்றேன். "நான் பார்த்தது கணக்கு இல்ல அங்கிள். டாக்டர் எழுதலைன்னா அது நடக்கவே இல்லை. சந்தேகம்னா டாக்டர்கிட்ட எழுதிக் கேக்கணும், நாமளா ஊகிச்சுப் போடக்கூடாது."

நடக்கவே இல்லையாம்! அப்புறம் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியாடி?" என்று மாமியார் ஆரம்பித்தார். டாக்டர் எழுதாமல் விட்ட காயம், பிள்ளை பெற்றவள் தலையில் பழியாக விழுந்தது.

விஷயம் இவ்வளவுதான். நமக்கெல்லாம் காதுக்குப் பின்னால் ஓர் எலும்பு புடைத்திருக்கிறது. அது முக நரம்புக்கு ஒரு காப்பு. பச்சைக் குழந்தைக்கு அந்த எலும்பு வளர்ந்திருக்காது, நரம்பு தோலுக்குக் கிட்டேயே இருக்கும். அங்கே ஆயுதம் அழுத்தினால் நரம்பு நசுங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே சரியாகிவிடும். ஆஸ்பத்திரியில் சொன்னது பொய்யில்லை. ஆனால் மூடாத கண் காய்ந்துபோகாமல் அதுவரை மருந்து விடவேண்டுமே, அதை யார் சொல்வது? சரியாகாமலே போனால், ஆறு மாதம் கழித்து வேறொரு டாக்டர் பார்க்கும்போது இது பிரசவத்தில் பட்டதா, கருவிலேயே வந்த குறையா என்று எதை வைத்து முடிவு செய்வார்? முதல் நாள் குறிப்பை வைத்துத்தான். அதில் 'நார்மல்'!

எழுதினால் கேஸ் போடுவார்கள் என்று டாக்டர்கள் பயப்படுகிறார்கள். பயம் நியாயம்தான், கண்ணாடியை உடைக்கிற கூட்டமும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் காயத்தை எழுதுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. ஆயுதமே போடாமல், தாயின் இடுப்பெலும்பு அழுத்தியும் இதே நரம்பு அடிபடுவது உண்டு. அதையும் எழுதலாமே! காசு வாங்கிச் செய்யும் வைத்தியத்தை 1995-லேயே உச்ச நீதிமன்றம் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. கோர்ட்டில் டாக்டரைக் காப்பாற்றப்போவது அவர் எழுதிவைத்த குறிப்பா, எழுதாமல் விட்டதா?

அமெரிக்காக்காரன் தர்மத்துக்கு எழுதவில்லை, பணத்துக்காக எழுதுகிறான். இருக்கட்டும். எழுதியதால் அங்கே எண்ண முடிகிறது. பிரசவக் காயத்தை நோயாளிப் பாதுகாப்புக்கான அளவுகோல்களில் ஒன்றாகவே அந்த நாட்டு அரசு வைத்திருக்கிறது. இங்கே? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 44.9 சிசேரியன். தனியாரில் 63.8. 'ஆயுதம் போட்டா முகம் போயிடும், ஆபரேஷனே பண்ணிடுங்க' என்று எத்தனை வீட்டில் சொல்கிறார்கள்! அந்தப் பயம் எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு? எழுதாத காயத்தை யார் எண்ணுவது?

எனக்கு அந்த எண்கூட வேண்டாம். பி11.3-ல் இடது பக்கமா வலது பக்கமா என்பதே கிடையாது. டாக்டரின் வார்த்தையில் மூன்று வரி போதும். எந்தப் பக்கம், என்ன கருவி, வீட்டுக்குப் போகும்போது கண் மூடியதா. டிஸ்சார்ஜ் அன்று பில்லைச் சரிபார்க்கிறீர்கள் அல்லவா? அதே கையோடு சம்மரியில் குழந்தையின் வரியையும் படியுங்கள். தடம் இருந்தால் எழுதச் சொல்லுங்கள். உங்கள் போனில் தேதியோடு ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிப்படி உள்நோயாளியின் பதிவுகளை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். 2020-ல் அந்தக் கவுன்சில் போய் ஆணையம் வந்த பிறகும் விதி அப்படியேதான் இருக்கிறது. பிரசவ அறைக் குறிப்பின் நகல் கேட்டு நாங்கள் மனு கொடுத்திருக்கிறோம். கவுன்ட்டரில் இருந்த பெண் வாங்கிப் படித்துவிட்டு, "இதுக்கு எந்த ஃபார்ம் சார்?" என்றாள். இன்று ஐந்தாவது நாள். பையனுக்கு இடது கண் முக்கால்வாசி மூடுகிறது.