வீடு கேட்டு ஒரு கடிதம்

இலக்கிய வகைமைகளைப் பட்டியலிடுபவர்கள் கணக்கில் சேர்க்காத கடித வகை ஒன்று அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு வீட்டை வாங்க விரும்புபவர் அதை விற்பவருக்கு எழுதும் கடிதம் அது. வீட்டுத் தரகு உலகில் அதற்குக் 'காதல் கடிதம்' என்றே பெயர். விலையும் நிபந்தனைகளும் கொண்ட ஆஃபர் படிவத்தோடு சேர்த்து அனுப்பப்படுவது. பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மிகாது. வாசலில் கால் வைத்ததுமே இது எங்கள் வீடு என்று தோன்றிவிட்டது, நீங்கள் வளர்த்த ரோஜாச் செடிகளுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வோம், எங்கள் மகளும் அந்தக் கொல்லை மரத்தில் ஊஞ்சல் கட்டி ஆடுவாள் என்ற போக்கில் செல்லும். அடியில் குடும்பப் புகைப்படம் ஒன்று இருக்கும். நாய் இருந்தால் அதுவும் படத்தில் இருக்கும்.

இப்படியொரு கடிதத்துக்குத் தேவை எழுந்ததன் காரணம் எளிமையானது. நல்ல வட்டாரத்தில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தால், வார இறுதியில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் வந்து பார்த்துச் செல்கின்றன. அடுத்த ஓரிரு நாட்களில் ஐந்தாறு ஆஃபர்கள் விற்பவரின் மேசைக்கு வருகின்றன. அதிக விலை சொன்னவருக்குத்தான் விற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை. இரு தரப்பும் கையெழுத்திடும் வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. விலை, முன்பணம், வங்கிக் கடனா முழு ரொக்கமா, வீட்டைப் பரிசோதித்துப் பார்க்கும் உரிமையை வாங்குபவர் வைத்துக்கொள்கிறாரா விட்டுக்கொடுக்கிறாரா, எந்தத் தேதியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஒப்பிட வேண்டியவை பல. இவையெல்லாம் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்போது, தராசின் ஒரு தட்டைத் தாழ்த்துவதற்காக வைக்கப்படும் எடைக்கல்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இருவரும் ஒரெகன் மாநிலத்தில், போர்ட்லண்டுக்கு மேற்கே ஒரு புறநகரில் பல ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருப்பவர்கள். சில காலத்துக்கு முன் ஒரு சிறிய வீட்டுக்கு ஆஃபர் கொடுத்தோம். கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்தோம். கடிதம் எதுவும் இணைக்கவில்லை. இணைப்பதில்லை என்று முன்னரே பேசி முடிவு செய்திருந்தோம். இரண்டு நாள் கழித்து எங்கள் முகவர் வழியாகப் பதில் வந்தது. விற்பவரான மூதாட்டி இன்னொரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அவர்களுடைய கடிதம் அவரைத் தொட்டுவிட்டதாம். கிரயப் பத்திரம் பதிவான பின் பொதுப்பதிவேட்டில் விலை தெரியவந்தது. நாங்கள் சொன்னதைவிட எட்டாயிரம் டாலர் குறைவு.

இதை வைத்து அந்த மூதாட்டிமீது குற்றம் சொல்ல எங்களால் முடியாது. வீட்டைப் பரிசோதிக்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுத்திருக்கலாம், ரொக்கமாகக் கொடுத்திருக்கலாம், அவருக்கு வசதியான தேதியை ஒப்புக்கொண்டிருக்கலாம். எட்டாயிரம் டாலரை விட்டுக்கொடுக்க இவற்றில் ஒன்றே போதும். அல்லது, படிவத்தில் இருந்த எங்கள் பெயர்களை அவரால் உச்சரிக்க முடியாமல் போயிருக்கலாம். கடிதத்தில் இருந்த பெயர்கள் அவருடைய பேரக்குழந்தைகளின் பெயர்களைப் போல இருந்திருக்கலாம். இவற்றில் எது உண்மை என்று அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வெறுப்பினால் மறுக்கப்பட்டவர் வழக்குத் தொடுக்கலாம். இன்னொருவர்மீது எழுந்த பிரியத்தினால் மறுக்கப்பட்டவருக்கு முறையிட ஒரு வாசலும் இல்லை.

நண்பர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எழுதத் தெரிந்தவர்கள்தானே, ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கக் கூடாதா? அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இதை எழுதுகிறோம்.

ஆங்கிலத்தில் இல்லாத வசதி ஒன்று தமிழில் உண்டு. கேட்பவரையும் உள்ளடக்கினால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்'. இந்தக் கடிதங்கள் எல்லாமே 'நாங்கள்' என்று தொடங்கி, கடைசி வரிக்குள் 'நாம்' ஆகிவிட முயல்பவை. நாங்கள் உங்களைப் போன்றவர்கள், உங்கள் இளமைக் காலத்தை எங்களிடம் காணுங்கள், இந்த வீட்டில் உங்கள் வாழ்க்கையே தொடரும் என்பதுதான் அவற்றின் ஒரே செய்தி. அந்தச் செய்தியை எல்லோராலும் ஒரே விதமாகச் சொல்ல முடியாது. விற்பவரின் மதம், நிறம், பண்டிகை, சமையல், குடும்ப அமைப்பு ஆகியவற்றோடு ஏற்கெனவே ஒத்துப்போகிறவருக்கு அது கைவரும். மற்றவர்கள் ஒன்று பொய் சொல்ல வேண்டும், அல்லது தம்மை மறைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பூஜையறையைப் பற்றி எழுதாமல் ரோஜாச் செடியைப் பற்றி மட்டும் எழுதுவது எத்தகைய எழுத்து? எழுத்தைப் பெரிதாக மதிக்கிறவர்கள் அதற்கு உடன்படக் கூடாது என்பதே எங்கள் கட்சி.

அமெரிக்க வீட்டு முகவர்களின் தேசியச் சங்கம் 2020-இல் தன் உறுப்பினர்களுக்கு இது குறித்து ஓர் எச்சரிக்கை விடுத்தது. கிறிஸ்துமஸ் காலையில் தம் குழந்தைகள் இந்த மாடிப்படிகளில் ஓடி இறங்கும் காட்சியை ஒருவர் தம் கடிதத்தில் வர்ணித்தால், அந்த ஒற்றை வாக்கியமே அவருக்குக் குழந்தைகள் இருப்பதையும் அவருடைய மதத்தையும் சொல்லிவிடுகிறது என்று அது சுட்டிக்காட்டியது. இரண்டுமே வீட்டு விற்பனையில் கணக்கில் எடுக்கக் கூடாதவை. 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றைக் காரணமாக்கி விற்க மறுப்பதைத் தடைசெய்தது. 1974-இல் பாலினமும், 1988-இல் உடற்குறையும் குழந்தைகளோடு கூடிய குடும்பம் என்ற நிலையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

இந்தச் சட்டம் வருவதற்கு முன் இருந்ததைச் சற்றே நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1857-இல் எழுதப்பட்ட ஒரெகனின் அரசியலமைப்பு, கறுப்பின மக்கள் புதிதாக வந்து குடியேறுவதையும் நிலம் வைத்திருப்பதையும் தடுத்தது. அந்தப் பிரிவு நீக்கப்பட்டது 1926-இல்தான். பல நகரங்களில் கிரயப் பத்திரங்களிலேயே இன்ன இனத்தாருக்கு விற்கக் கூடாது என்ற ஷரத்து இருந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் அத்தகைய ஷரத்துள்ள வீடொன்றை ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் 1945-இல் வாங்கியது. அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தனர். அத்தகைய ஷரத்துகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த வரலாற்றில் நம்மவர்களும் இருக்கிறார்கள். குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1913-இல் சட்டம் இயற்றியது. பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் ஆகார், எனவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் கூற, அந்த நிலச் சட்டம் பஞ்சாபி விவசாயிகள்மீதும் பாய்ந்தது. இந்தியர் குடியுரிமை பெற வழி பிறந்தது 1946-இல். இன்று இங்கே வீடு பார்க்கப் போகும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றும் இத்தனை வழக்குகளின் மேல்தான் நடந்து செல்கிறது. அந்தச் சட்டங்கள் பெயர் சொல்லிச் செய்ததைக் கடிதம் பெயர் சொல்லாமல், கண்ணீரோடும் புன்னகையோடும் செய்துவிடக்கூடும் என்பதுதான் எங்கள் கவலை.

ஒரெகன் இதைச் சட்டத்தால் தடுக்கப் பார்த்தது. வழக்கமான ஆவணங்களைத் தவிர வாங்குபவர் தரும் கடிதம், புகைப்படம் போன்றவற்றை விற்பவரின் முகவர் நிராகரிக்க வேண்டும் என்று 2021-இல் சட்டம் இயற்றப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த வகையில் நாட்டிலேயே முதல் சட்டம் அது. அதே மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நோக்கம் பாராட்டத்தக்கதுதான், ஆனால் குற்றமற்ற பேச்சையும் சேர்த்து வாயடைக்கிறது என்பது நீதிபதியின் முடிவின் சாரம். அந்த முடிவோடு எங்களுக்குச் சண்டையில்லை. ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு எழுதும் கடிதத்தை அரசு இடைமறிப்பதை எழுத்தை நேசிக்கும் எவரும் வரவேற்க இயலாது. ஆனால் அரசு தடுக்கக் கூடாத செயல்கள் யாவும் நாம் செய்யத் தக்க செயல்கள் ஆகிவிடுமா? தடை நீங்கிய இடத்தில்தான் நம் சொந்த விவேகத்துக்கு வேலை வருகிறது.

எதிர்த்தரப்பில் கனமான வாதம் ஒன்று உண்டு. முழு ரொக்கத்தோடு வரும் முதலீட்டு நிறுவனங்களோடு மோதும் இளம் தம்பதிக்கு இந்தக் கடிதம் ஒன்றுதான் ஆயுதம் என்பார்கள். நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டை இடித்துத் தள்ளுபவரிடம் கொடுக்காமல், குடியிருப்பவரிடம் கொடுக்க ஒருவர் விரும்புவதில் என்ன தவறு? தவறே இல்லை. நல்ல கைகளுக்குப் போக வேண்டும் என்று நம் ஊரிலும் சொல்வதுண்டு. அந்தச் சொல்லில் இருக்கும் வாஞ்சையை நாங்கள் அறிவோம். அப்படி விரும்புபவர், வாங்குபவர் தாமே குடியிருக்க வேண்டும் என்பதை விற்பனைக்கு வைக்கும்போதே நிபந்தனையாக அறிவிக்கட்டும். முன்கூட்டி அறிவித்த நிபந்தனை எல்லோருக்கும் ஒன்றே. அதை நிறைவேற்ற முடியுமா என்று ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம். ஆஃபர்கள் அனைத்தும் வந்த பிறகு விற்பவரின் நெஞ்சில் ஊறும் நெகிழ்ச்சியை யாராலும் நிறைவேற்ற முடியாது.

இதை அமெரிக்காவின் நோயாக மட்டும் எழுதி முடித்தால் நேர்மையாகாது. தனியார் வீட்டு விற்பனையில் சாதியும் மதமும் பார்த்து வாங்குபவரை விலக்குவதைத் தடுக்க, 1968-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தைப் போன்ற தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, உறுப்பினர் தகுதியைப் பார்சிகளுக்கு மட்டும் என்று வரையறுத்த விதி செல்லும் என்று 2005-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமை அதற்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குச் 'சைவர்களுக்கு மட்டும்' என்ற வரியின் முழுப்பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே கடிதம் தேவைப்படுவதில்லை. சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்தார் என்ற இரண்டே கேள்விகளில் அந்த வேலை முடிந்துவிடுகிறது.

தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகளிலும் இந்நாட்டுக்கு வந்து வீடு வாங்கிய தமிழர்கள் பலர் இப்போது பிள்ளைகள் வெளியேறிய பெரிய வீடுகளை விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். 'நம்ம ஊர்க்காரர்களுக்கே கொடுத்துவிடலாம்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு எழுவதைக் காண்கிறோம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. முகவர் இல்லாமல், விளம்பரத்தில் பாகுபாடு காட்டாமல் தம் வீட்டைத் தாமே விற்பவருக்கு 1968-ஆம் ஆண்டுச் சட்டம் சில விலக்குகளைத் தருவது உண்மை. ஆனால் இனத்தைக் காரணமாக்கி விற்க மறுப்பது அப்போதும் குற்றமே என்று, 1866-ஆம் ஆண்டின் குடிசார் உரிமைச் சட்டத்தைக் காட்டி உச்ச நீதிமன்றம் அதே 1968-இல் தீர்ப்பளித்துவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கோலம் போடத் தெரிந்தவர் வேண்டும், கொல்லையில் கறிவேப்பிலைத் தொட்டியைக் காப்பாற்றுபவர் வேண்டும் என்று தேடும் தமிழருக்கும், ரோஜாச் செடிக்காகத் தேடும் மூதாட்டிக்கும் என்ன வேறுபாடு?

விற்கும் நண்பர்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. வரும் கடிதங்களை உங்களிடம் தர வேண்டாம் என்று முகவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆஃபர்களைப் பெயரில்லாமல், ஒன்று இரண்டு என்று எண்ணிட்டு, விலை, கடன், நிபந்தனை, தேதி ஆகிய நான்கு பத்திகள் கொண்ட ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பார்த்து முடிவெடுங்கள். பெயர் தெரிய வேண்டிய நேரம் கையெழுத்திடும்போது தானாக வரும். உங்களிடம் தோற்றுப்போகும் நான்கைந்து குடும்பங்களும் எந்த வரியில் தோற்றோம் என்பதை அந்தத் தாளைக் கொண்டு அறிந்துகொள்ளலாம். விலையில் தோற்றவர் அடுத்த வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போவார். தாம் யார் என்பதில் தோற்றவர் எதைச் சேர்த்துக்கொண்டு போவது?